தொழுநோய்த் தீவின் தொண்டர் பாதிரியார் டேமியன்

நோய் வந்தால் மருந்தைத் தேடுவது மனித இயல்பு. ஆனால், சில நோய்கள் வரும்போது மட்டும் சமுதாயம் மருந்தைத் தேடும் முன்பே காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது. இவன் என்ன பாவம் செய்தானோ, இவள் எப்படி வாழ்ந்தாளோ என்று ஊர் வாய் பேச ஆரம்பித்துவிடுகிறது. அத்தகைய நோய்களுள் முதலிடம் தொழுநோய்க்கு உண்டு. நம்மவர்கள் அதனைப் பெருநோய் என்றும் முன்வினைப் பயன் என்றும் கூறி ஒதுங்கினர். மேலை நாட்டினரோ அது கடவுள் தந்த தண்டனை என்றனர். மொழியும் மதமும் வேறுபட்டாலும் தீர்ப்பு என்னவோ ஒன்றுதான். அந்தத் தீர்ப்புக்கு ஆளான மக்களோடு வாழ்ந்து, இறுதியில் தாமும் அதே தீர்ப்புக்கு ஆளாகி மறைந்த ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். அவர்தான் பாதிரியார் டேமியன்.

டேமியன் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ எனும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் யோசேப் டி வெஸ்டர். விவசாயக் குடும்பத்தின் ஏழாவது பிள்ளை. தானிய வியாபாரத்தை மகன் கவனித்துக்கொள்வான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனின் மனமோ அண்ணன் பாம்பில் சென்ற துறவுப் பாதையையே நாடியது. 1859இல் லூவேன் நகரில் அண்ணன் இருந்த சபையிலேயே சேர்ந்து டேமியன் என்ற பெயரை ஏற்றார். சமயப் பணிக்காக ஹவாய் தீவுகளுக்குப் புறப்படவிருந்தவர் உண்மையில் அண்ணன்தான். அவர் நோயில் விழவே, இன்னும் குருப்பட்டம் கூடப் பெறாத தம்பி, தம்மை அனுப்புமாறு சபையின் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அனுமதியும் கிடைத்தது. 1864 மார்ச் 19ஆம் நாள் ஹொனலுலுவில் இறங்கிய அவர், அவ்வாண்டு மே 21இல் குருவானார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய் எனும் பெரிய தீவில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். மக்களின் மொழியைக் கற்றார். தம் கைகளாலேயே மரம் அறுத்துச் சிறு கோயில்களைக் கட்டினார். அந்தத் தச்சு வேலை பின்னாளில் எதற்குப் பயன்படப்போகிறது என்பது அன்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அக்காலத்தில் ஹவாய் தனி முடியரசாக இருந்தது. வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்திறங்கிய புதுப் புது நோய்கள் அந்த மண்ணின் மைந்தர்களைக் கூட்டம் கூட்டமாக அழித்துக்கொண்டிருந்தன. தொழுநோயும் பரவியது. 1865இல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா ஆட்சியில், நோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டம் நிறைவேறியது. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் மொலோக்காய் தீவின் கலாவுபாப்பா முனையில் இறக்கிவிடப்பட்டனர். அம்முனைக்கு மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கம் 600 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் மலை. சிறைக்குச் சுவர் கட்டும் செலவை இயற்கையே மிச்சப்படுத்தித் தந்திருந்தது. கணவனிடமிருந்து மனைவியையும் தாயிடமிருந்து பிள்ளையையும் சட்டம் பிரித்தது. அதனால் ஹவாய் மக்கள் அந்நோய்க்குக் குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்றே பெயர் வைத்தனர். அங்கு அனுப்பப்பட்டோர் பயிர் செய்து தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்வர் என்று அரசு எண்ணியது. விரல் இழந்தவர்களும் பார்வை மங்கியவர்களும் எப்படி மண்வெட்டியைப் பிடிப்பார்கள்? போதிய வீடில்லை, நல்ல நீரில்லை, உடன் தங்கும் மருத்துவரும் இல்லை.

1873ஆம் ஆண்டு மே மாதம் ஆயர் மேக்ரே தம் குருக்களிடம் இந்நிலையை எடுத்துரைத்தார். யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. சில மாதங்களுக்கு ஒருவராக முறை வைத்துச் செல்ல நால்வர் முன்வந்தனர். முதல் முறை டேமியனுடையது. மே 10ஆம் நாள் நோயாளிகள் சிலரோடும் கால்நடைகளோடும் அவர் கப்பலிலிருந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. தங்க வீடில்லாததால் முதல் சில இரவுகளைக் கோயிலருகே ஒரு தாழை மரத்தடியில் கழித்தார். விரைவிலேயே தம்மை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடுமாறு மேலிடத்திற்கு எழுதினார். இரண்டாமவரின் முறை வரவே இல்லை.

டேமியன் ஆற்றிய பணிகளில் என் நெஞ்சை அதிகம் தொட்டது, அவர் இறந்தவர்களுக்குச் செய்ததுதான். அங்கே மாண்டவர்கள் ஆழமற்ற குழிகளில் பெயருக்குப் புதைக்கப்பட்டு வந்தனர். டேமியன் கல்லறைத் தோட்டத்திற்கு வேலி கட்டினார். சவப்பெட்டிகளைத் தாமே செய்தார், குழிகளைத் தாமே வெட்டினார், ஒவ்வொருவரையும் முறைப்படி வழியனுப்பி வைத்தார். வாழும்போது ஒதுக்கப்பட்ட ஒருவனுக்குச் சாவிலாவது மரியாதை உண்டு என்ற உறுதி கிடைத்தால், உயிரோடு இருப்பவனுக்கும் தன் வாழ்வின்மீது மதிப்பு பிறக்கிறது. பிறகு வீடுகள் எழுந்தன. குழாய் பதித்துக் குடியிருப்புக்கு நீர் கொண்டுவரப்பட்டது. ஆதரவற்ற சிறுவர் சிறுமியர்க்கு இல்லங்கள் அமைந்தன. பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் தோன்றின.

நோயாளிகளைத் தொடக்கூடாது என்று மேலதிகாரிகள் அவரை எச்சரித்திருந்தனர். ஆனால், தொடாமல் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எப்படி? ஹவாய் மக்கள் கிழங்கு மாவைக் கரைத்து உண்ணும் போய் எனும் உணவை ஒரே பாத்திரத்தில் கைவிட்டு உண்பர். அங்கே தனித் தட்டு கேட்பது அவர்களை அவமதிப்பதாகும். டேமியன் அவர்களோடு அமர்ந்து அதே பாத்திரத்தில் உண்டார். மறையுரை ஆற்றும்போது நோயாளிகளை நீங்கள் என்று விலக்கிப் பேசாமல், தமக்கு நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தம்மையும் அவர்களுள் ஒருவராகச் சேர்த்தே பேசினார். நம் மொழியில் ‘நாம்’ என்ற சொல்லுக்கும் ‘நீங்கள்’ என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

இதனால் அவரைக் குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல நான் முற்படவில்லை. அவர் முன்கோபக்காரர், பிடிவாதக்காரர். மரப்பலகைக்கும் மருந்துக்கும் சுகாதார வாரியத்தோடு ஓயாமல் மல்லுக்கு நின்றார். தம் சபையின் தலைவர்களோடும் அவருக்குப் பிணக்கு இருந்தது. குடித்துக் கூத்தடிக்கும் இடங்களுக்குத் தடியோடு சென்று கூட்டத்தைக் கலைத்தார். ஆனால், நேற்று அவரிடம் ஏச்சு வாங்கியவனுக்கு இன்று புண் முற்றினால் மருந்திட வந்தவரும் அவரே. தவறைக் கண்டிப்பது வேறு, தவறு செய்தவனை மனிதக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுவது வேறு. அவர் முன்னதைச் செய்தார். வெளியுலகம் பின்னதைச் செய்தது.

1884 இறுதியில் ஒரு நாள், களைத்துப்போன கால்களை வெந்நீரில் வைத்தார். தோல் வெந்து கொப்புளித்தது. வலி மட்டும் தெரியவில்லை. உணர்விழப்பு தொழுநோயின் அறிகுறி. அடுத்த ஆண்டு மருத்துவர் அதனை உறுதி செய்தார். நோயைவிடக் கொடியது அதன் பின் வந்தது. தொழுநோயை ஒழுக்கக்கேட்டால் வரும் பால்வினை நோயோடு தொடர்புபடுத்திப் பேசிய மருத்துவர்கள் அக்காலத்தில் இருந்தனர். எனவே, துறவிக்கு இந்நோய் எப்படி வந்தது என்ற கேள்வி எழுந்தது. புண்பட்டவர்களின் புண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழுவியவரிடம் கேட்கப்பட்ட கேள்வி இது! ஆயினும் அவர் வேலையை நிறுத்தவில்லை. கடைசி ஆண்டுகளில் 1886இல் ஜோசப் டட்டனும், 1888இல் அருட்சகோதரி மரியான் கோப்பும் துணைக்கு வந்து சேர்ந்தனர். தமக்குப் பிறகு இம்மக்களைக் கவனிக்க ஆள் உண்டு என்ற நிம்மதியோடு 1889 ஏப்ரல் 15ஆம் நாள், 49ஆம் வயதில் கண்மூடினார். முதல் இரவுகளில் எந்தத் தாழை மரத்தடியில் உறங்கினாரோ, அதே மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த பின்னும் தீர்ப்பு அவரை விடவில்லை. ஹொனலுலுவில் வாழ்ந்த ஹைட் என்ற மற்றொரு கிறிஸ்தவப் பிரிவின் போதகர், டேமியன் அழுக்கானவர், முரடர், நெறி தவறியதால் நோய் பெற்றவர் என்ற கருத்தில் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியானது. அதற்கு 1890இல் பகிரங்கமாகப் பதிலடி கொடுத்தவர், ‘புதையல் தீவு’ நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவரும் டேமியனின் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால், டேமியன் மறைந்த சில வாரங்களில் கலாவுபாப்பாவுக்கே நேரில் சென்று, அவரோடு பழகியவர்களிடம் அவருடைய குறைகளையும் சேர்த்தே கேட்டறிந்தவர். அக்குறைகளை மறைக்காமலேயே, வசதியான வீட்டில் இருந்துகொண்டு தீர்ப்பு எழுதியவரையும் நோயாளிகளின் நடுவே உயிரை விட்டவரையும் அருகருகே நிறுத்திக் காட்டினார். இன்று ஹைட்டின் பெயரே அந்தப் பதிலால்தான் நினைவில் நிற்கிறது.

டேமியன் கலாவுபாப்பாவில் கால் வைத்த அதே 1873இல்தான், நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். அது பாவமும் அன்று, பரம்பரைச் சாபமும் அன்று என்பதற்கு அறிவியல் சான்று கிடைத்தது. பெரும்பாலான மனிதர்களுக்கு அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு என்பதும் பின்னர் தெரியவந்தது. 1981 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்துச் சிகிச்சை அதனை முற்றிலும் குணப்படுத்துகிறது. ஆனால், கிருமியை அறிந்த பிறகும் ஹவாயின் பிரிவினைச் சட்டம் நீங்க 1969 வரை ஆயிற்று. அதுவரை ஏறக்குறைய 8,000 பேர் அம்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அதே 1969இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஹவாய் மாநிலத்தின் சார்பில் டேமியனின் சிலை வைக்கப்பட்டது. நோயால் உருமாறிய முகத்தோடுதான் அச்சிலை நிற்கிறது. 2009 அக்டோபர் 11ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலும் 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கென ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. பல இனத்தவரும் அங்கே அடைக்கலமாயினர். நோட்டு வழியாக நோய் பரவுமோ என்ற அச்சத்தில் அவர்களுக்கெனத் தனிப் பணத்தாள் கூட ஒரு காலத்தில் அச்சிடப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். இன்று கோலாலம்பூர்வாசிகள் பூச்செடி வாங்க விரும்பிச் செல்லும் நாற்றங்கால்கள், நோயிலிருந்து மீண்டும் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களின் உழைப்பில் தொடங்கியவை. மருந்து அவர்களின் உடலைக் குணப்படுத்திவிட்டது. உறவும் ஊரும்தான் கதவைத் திறக்கவில்லை.

இன்று தொழுநோயின் இடத்தில் எச்.ஐ.வி. உள்ளது, மனநோய் உள்ளது, போதைப் பழக்கத்திலிருந்து மீள முயலும் இளைஞன் உள்ளான். இவர்களைக் கண்டதும் எப்படி வந்தது என்ற கேள்விதான் நம் வாயிலிருந்து முதலில் வருகிறது. மருத்துவருக்கு அக்கேள்வி தேவைப்படலாம். நமக்கு அது எதற்கு? பதிலைக் கேட்ட பிறகுதான் இரக்கம் காட்டுவது என்று முடிவெடுத்தால், அது இரக்கம் அன்று, பரிசு வழங்குவது போன்றது. டேமியனின் இறைநம்பிக்கையை நாம் பகிர்ந்துகொள்ளாமல் இருக்கலாம். ஆனால், தகுதி பார்த்து வருவதன்று அன்பு என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சியாக நிற்கிறது. பட்டம் பெற்று மருத்துவராகவும் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் பணியாற்றப்போகும் நம் முன்னும் இத்தகைய மனிதர்கள் வந்து அமர்வார்கள். அன்று அவர்களைத் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களாக அல்லாமல், நம்முள் ஒருவராகக் காணும் பக்குவம் நமக்கு வாய்க்க வேண்டும் என்பதே என் அவா.