காற்றுக்கும் வேண்டும் எடைக்கல்

வருசநாட்டில் இலவம்பஞ்சு வாங்கும் வணிகரின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வேண்டும். முத்திரையில்லாத தராசு பழுதானதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், அதைச் சரியான எடைக்கல்லோடு எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. விளைவித்தவரின் ஐயத்துக்கு அதுவே போதும். காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கவும் அத்தகைய எடைக்கல் தேவை என்பதைத் தன் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்தவர் அமெரிக்க வேதியியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங்.

1928-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டன் நகரில் பிறந்தார் கீலிங். பியானோ வாசிப்பில் தேர்ந்தவர். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றபின், பெட்ரோலிய, வேதித் தொழில்கள் கைநிறையச் சம்பளம் தரக் காத்திருந்த காலத்தில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் புவிவேதியியல் ஆய்வைத் தேர்ந்தெடுத்தார்.

அக்காலத்தில் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்ற கேள்விக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் விடை மாறுபட்டது. கீலிங் தானே ஒரு வாயு அழுத்தமானியை அமைத்தார். காற்று மாதிரியிலிருந்து கரியமில வாயுவை உறையவைத்துப் பிரித்து, அதன் அழுத்தத்தையும் கனஅளவையும் வெப்பநிலையையும் கொண்டு அளவைக் கணக்கிடும் முறை அது. 1955-இல் பிக் சர் வனப்பகுதியில் இரவு பகலாகக் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைச் சேகரித்தார். இரவில் மண்ணும் மரங்களும் வெளியிடும் வாயு தரையருகே தேங்கி அளவு உயர்ந்தது. காற்று நன்கு கலக்கும் பிற்பகலிலோ, எங்கே அளந்தாலும் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 310 பங்கு என்ற அளவே கிடைத்தது. வளிமண்டலத்துக்கென ஒரு பொது அளவு உண்டு என்பது புலனாயிற்று.

1956-இல் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், அகச்சிவப்புக் கதிர்க் கருவி நிறுவப்பட்டது. கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரின் ஒரு பகுதியை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைக் கொண்டு வாயுவின் அளவை அறியலாம். 1958 மார்ச் மாத இறுதியில் கிடைத்த முதல் அளவு 313.

அந்தக் காலத்தில் கரியமில வாயு ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே உயர்ந்துகொண்டிருந்தது. கருவியின் விளக்கு மங்கினாலோ, அறையின் வெப்பம் மாறினாலோ அதைவிடப் பெரிய பிழை நேரும். உயர்வது காற்றிலுள்ள வாயுவா, கிழடுதட்டிய கருவியின் முள்ளா? இதற்கு விடையாக உருளைகளில் அடைத்த ஒப்பீட்டு வாயுக்களை வைத்திருந்தார் கீலிங். அளவு தெரிந்த அந்த வாயுக்களைக் குறித்த இடைவெளிகளில் கருவிக்குள் செலுத்தி, அது காட்டும் எண் சரிபார்க்கப்பட்டது. அந்த உருளைகளோ ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தின் அழுத்தமானியில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டன. முத்திரையிட்ட எடைக்கல்லையே மறுபடி நிறுத்துப் பார்க்கும் கண்டிப்பு அது.

அந்தக் கண்டிப்பு கீலிங்கின் உருளைகளிலேயே ஒரு குறையைக் காட்டிக்கொடுத்தது. தொடக்ககால ஒப்பீட்டு வாயுக்கள் நைட்ரஜனில் கலக்கப்பட்டவை. காற்றிலோ ஆக்சிஜனும் உண்டு. இந்த வேறுபாடு கருவியின் எண்ணைச் சில பங்குகள் பிறழச் செய்தது பின்னாளில் தெரியவந்தது. ஒவ்வோர் உருளையின் வரலாறும் குறித்துவைக்கப்பட்டிருந்ததால், பழைய அளவுகளைத் திருத்திக்கொள்ள முடிந்தது. பதிவேடு இல்லாதிருந்தால் அந்த ஆண்டுகளின் உழைப்பே ஐயத்துக்கு இடமாகியிருக்கும்.

1960-இல் வெளியான அவருடைய கட்டுரை, தாவரங்களின் வளர்ச்சியோடு ஆண்டுதோறும் ஏறி இறங்கும் அலையையும், அதற்கடியில் தொடர்ந்து உயரும் போக்கையும் காட்டியது. இன்று உலகம் கீலிங் வளைகோடு என்றழைப்பது அதைத்தான். இருந்தும் நிதிக்காக அவர் வாழ்நாள் முழுதும் போராட நேர்ந்தது. 1964-இல் நிதிக்குறைப்பால் அளவீடு சில மாதங்கள் நின்றது. அந்த இடைவெளி இன்றும் வளைகோட்டில் தெரிகிறது. அன்றாடக் கண்காணிப்பு ஆராய்ச்சியாகுமா என்ற கேள்வியும் அவரை விடாது துரத்தியது. 2005 ஜூன் 20-இல் அவர் மறைந்தபோது அளவு 380-ஐத் தொட்டிருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது.

பொருளாதாரம் பயின்றோருக்கு இந்த வரலாறு ஒரு பழகிய நோயை நினைவூட்டும். கருவி வாங்குவது மூலதனச் செலவு. அதற்குத் திறப்பு விழா உண்டு. ஒப்பீட்டு வாயு உருளை வாங்குவது தொடர்செலவு. நிதி சுருங்கினால் முதலில் வெட்டப்படுவது அதுவே. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கரியமில வாயு உணரிகள் கிடைக்கின்றன. அவற்றுள் பல, சில நாள்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே திறந்தவெளிக் காற்றின் அளவாக, அதாவது 400 ஆக எண்ணித் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. திறந்தவெளிக் காற்றே அந்த எண்ணைத் தாண்டிவிட்ட பிறகு, இந்தத் திருத்தமே பிழைக்கு வித்தாகிறது.

வருசநாட்டு மலைகள் வைகையின் பிறப்பிடம். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் இங்குதான் விரிந்து கிடக்கிறது. 2023-இல் மத்திய அரசு கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய காடுகள் உள்வாங்கும் கரியமில வாயுவுக்கு நாளை விலை பேசப்படலாம். அப்போது அளவில் நேரும் சிறு பிழையும் பணமாகும். இழப்பு காட்டையொட்டி வாழும் எளியோர் தலையில் விழும்.

ஆகவே, காடுகளிலும் நகரங்களிலும் அளவீட்டு நிலையம் அமைக்க நிதி ஒதுக்கும்போதே, ஒப்பீட்டு வாயுக்களுக்கும், அவற்றைச் சரிபார்க்கும் பணியாளருக்கும், பதிவேடுகளுக்கும் பல்லாண்டு நிதியைச் சட்டபூர்வமாக உறுதிசெய்ய வேண்டும். பஞ்சு விற்கும் விவசாயிக்கு முத்திரையிட்ட தராசைக் கேட்கும் உரிமை உண்டு. அவருடைய மலைக்காற்றை அளப்போரிடமும் அதே உரிமையை அவர் கோரலாம்.