ஃபிரானோஃபர்: இடிபாட்டில் பிழைத்த பையன்

முப்பட்டகத்தில் ஏழு நிறம் தெரிவதை வகுப்பில் பார்த்தோம் இல்லையா? அந்த நிறங்களுக்குள் கறுப்புக் கோடுகளைக் கண்டு அளந்தவர் ஜோசப் ஃபிரானோஃபர். எனக்கு ரொம்பப் பிடித்தவர்.

1787-இல் ஜெர்மனியில் ஸ்ட்ராபிங் ஊரில் பிறந்தார். 11 வயசுக்குள் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மியூனிக் நகரில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். முதலாளி படிக்கவே விடவில்லை. 1801-இல் அந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டுக்குள் சிக்கிய பையன் உயிரோடு வந்தான். பார்க்க வந்த ஆட்சியாளர் மாக்சிமிலியன் பணம் கொடுத்தார். அதில் அவர் கண்ணாடி அறுக்கும் இயந்திரம் வாங்கினார். அந்த முதலாளியிடமிருந்தும் விடுபட்டார். தானே படித்தார்.

1814-இல் சூரிய ஒளியில் 500-க்கும் மேற்பட்ட கறுப்புக் கோடுகளை எண்ணினார். எப்போ பார்த்தாலும் ஒவ்வொரு கோடும் அதே நிறத்தில், அதே இடத்தில்! லென்ஸ் கண்ணாடியைச் சோதிக்க அவற்றையே அடையாளமாக வைத்துக்கொண்டார். பிறகு மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வரிசையாகக் கட்டி, அதன் வழியே ஒளியை விட்டு, அந்தக் கோடுகளின் அலைநீளத்தையும் அளந்தார்.

எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்க்கிறோம் அல்லவா? அதே மாதிரி, அலைநீளம் அளக்கும் கருவி பிசகினால், அலைநீளம் தெரிந்த ஒளியை வைத்துத்தான் இன்றும் சரிபார்க்கிறார்கள்.

1826-இல் காசநோயால் இறந்தார். வயது 39 தான்.

போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இப்போ மில் வேலைக்குப் போகிறாள். வீடு இடிந்தால்தான் படிக்க விடுவார்களா? அவள் திரும்பி வர வேண்டும் என்றே இதை எழுதினேன்.