தனியொருவராய் முன்னே சென்றவர்: சைக்கிள் வீரர் ஃபாஸ்டோ கோப்பியின் வாழ்வும் மறைவும்

1946ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், போரின் இடிபாடுகள் இன்னும் அகற்றப்படாத இத்தாலியில் மிலன்–சான் ரெமோ சைக்கிள் பந்தயம் நடைபெற்றது. வசந்த காலத்தில் பந்தயப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் நெடும்போட்டி அது. தொலைவு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். மிலனை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முன்னணிக் குழுவில் சேர்ந்துகொண்ட 26 வயது இளைஞர் ஒருவர், துர்க்கினோ கணவாயின் ஏற்றத்தில் மற்ற அனைவரையும் பின்தள்ளினார். மீதமிருந்த கடற்கரைச் சாலை முழுவதையும் தனியாகவே கடந்து சான் ரெமோவை அடைந்தார். இரண்டாவதாக வந்த பிரெஞ்சு வீரர் லூசியன் டெய்சேர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது 14 நிமிடங்கள் கழிந்திருந்தன. வெற்றியாளரின் பெயரை அறிவித்த வானொலி, அடுத்தவர் வரும் வரை நேரத்தை நிரப்ப நடன இசையை ஒலிபரப்பியது என்று இத்தாலிய ரசிகர்கள் இன்றும் சொல்லி மகிழ்வர்.

அந்த இளைஞர்தான் ஃபாஸ்டோ கோப்பி. சாலை மிதிவண்டிப் பந்தயம் கண்ட மாபெரும் வீரர்களுள் ஒருவராகப் போற்றப்படும் இவர், 40 வயதில், உரிய மருந்து கிடைத்திருந்தால் குணமாகியிருக்கக்கூடிய காய்ச்சலுக்குப் பலியானவர்.

இறைச்சிக் கடைச் சிறுவன்

வடமேற்கு இத்தாலியின் பியெட்மாண்ட் பகுதியில், காஸ்டெல்லானியா என்னும் மலைக்கிராமத்தில் 1919 செப்டம்பர் 15 அன்று எளிய உழவர் குடும்பத்தில் கோப்பி பிறந்தார். பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லை. பதின்ம வயதிலேயே அருகிலுள்ள நோவி லிகுரே நகரின் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வீடு வீடாகச் சைக்கிளில் இறைச்சி கொண்டுசேர்த்தார். மேடும் பள்ளமுமான அந்தச் சாலைகளே அவருடைய முதல் பயிற்சிக்களம். கப்பலில் பணிபுரிந்த சிற்றப்பா ஒருவர் கொடுத்த பணத்தில்தான் பந்தய மிதிவண்டி வாங்க முடிந்தது.

நோவி லிகுரேயில் பியாஜியோ கவான்னா என்ற பயிற்சியாளர் இருந்தார். அவருக்குக் கண்பார்வை இல்லை. வீரர்களின் தசைகளைக் கைகளால் தடவிப் பார்த்தே அவர்களின் ஆற்றலை மதிப்பிடுவார். நீண்ட கால்களும் அகன்ற மார்புக்கூடும் மெலிந்த எலும்புகளும் கொண்ட இந்தச் சிறுவனைத் தேர்ந்தெடுத்து, உணவு, உறக்கம், பயிற்சி அனைத்தையும் கவான்னாவே வகுத்தளித்தார். தரையில் நடக்கும்போது சற்றுக் கோணலாகத் தெரிந்த அந்த உடல், மிதிவண்டியில் ஏறியதும் வேறொன்றாகிவிடும். அதனால்தான் ரசிகர்கள் பின்னாளில் அவருக்கு நாரை என்று பெயர் சூட்டினர்.

1940ஆம் ஆண்டு ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில், அன்றைய இத்தாலியின் முதன்மை வீரர் ஜினோ பார்டாலிக்குத் துணை வீரராகவே கோப்பி சேர்க்கப்பட்டார். துணை வீரரின் பணி தலைவருக்காக உழைப்பது. தண்ணீர் கொண்டுவருவது, காற்றைத் தடுத்து முன்னே ஓட்டுவது, தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது. தொடக்கக் கட்டத்திலேயே குறுக்கே ஓடிய நாயின்மீது மோதி பார்டாலி விழுந்து காயமுற்றார். வாய்ப்பு துணை வீரரிடம் வந்தது. மலைக்கட்டத்தில் சோர்ந்துபோன கோப்பியைப் பார்டாலியே முடுக்கிவிட்டுப் பந்தயத்தில் நிலைக்கச் செய்தார். 20 வயதில் கோப்பி வென்றார். ஜூன் 9 அன்று மிலனில் பந்தயம் நிறைவுற்றது; மறுநாள் முசோலினி போரை அறிவித்தார்.

போர், அவரது இளமையின் சிறந்த ஆண்டுகளை விழுங்கியது. குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்த மிலன் நகரின் விகோரெல்லி ஓடுதளத்தில் 1942 நவம்பர் 7 அன்று, ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டே வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, 1943 ஏப்ரலில் தூனிசியாவில் பிரிட்டன் படைகளிடம் போர்க்கைதியானார். அவர் நாடு திரும்பியது 1945இல். சாதனையோ 1956இல் ஜாக் அன்குவெடில் முறியடிக்கும் வரை நிலைத்திருந்தது.

இரண்டாகப் பிரிந்த ரசிகர்கள்

அக்கால இத்தாலிய ரசிகருக்கு ஓராண்டு என்பது பந்தயங்களின் வரிசைதான். மார்ச்சில் மிலன்–சான் ரெமோ, ஏப்ரலில் வடபிரான்சின் கல்பாவிய சாலைகளில் பாரிஸ்–ரூபே, மே மாதத்தில் மூன்று வாரங்கள் ஜிரோ, ஜூலையில் டூர் டி பிரான்ஸ், இலைகள் உதிரும் அக்டோபரில் லொம்பார்தியா. தொலைக்காட்சி வீடுகளை எட்டாத காலம். மதுக்கடையின் வானொலி, மறுநாள் காலை இளஞ்சிவப்புத் தாளில் வெளிவரும் காசெட்டா டெல்லோ ஸ்போர்ட் நாளிதழ், சாலையோரத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து பெறும் சில நொடித் தரிசனம் ஆகியவையே ரசிகருக்குக் கிடைத்தவை. ஜிரோவில் முன்னிலை வகிப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையும் அந்த நாளிதழின் தாள் நிறத்திலிருந்து வந்ததே.

நாடே கோப்பியின் அணி, பார்டாலியின் அணி எனப் பிரிந்து நின்றது. பார்டாலி பக்தர், மரபாளர், திருச்சபைக்கு நெருக்கமானவர். கோப்பி புதுமைவாதி, பேச்சு குறைந்தவர், உலகியல் மனிதர் என்று வகுத்துக்கொண்டனர். இதில் பாதி ரசிகர்களின் கற்பனை. கோப்பி புரட்சியாளர் அல்லர். எனினும் எரிபொருளும் உணவும் தட்டுப்பாடாக இருந்த நாட்டில், யாருடைய பக்கம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு குடும்பத்திலும் விடை இருந்தது.

இந்தப் பகை எத்தகையது என்பதை 1948 உலகச் சாம்பியன் போட்டி காட்டிற்று. நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில் இருவரும் ஒரே இத்தாலிய அணியில் இறங்கினர். பந்தயத்தை வெல்வதைவிட மற்றவரை வெல்லவிடாமல் தடுப்பதிலேயே கருத்தாக இருந்து, இறுதியில் இருவருமே விலகினர். இத்தாலியக் கூட்டமைப்பு இருவரையும் இடைநீக்கம் செய்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 10 அன்று ஜிரோவின் கூனியோ–பினெரோலோ கட்டம். 254 கிலோமீட்டர், மதலேனா, வார்ஸ், இசோவார், மோன்ஜெனெவ்ர், செஸ்ட்ரியேர் என ஐந்து ஆல்ப்ஸ் கணவாய்கள். முதல் கணவாயிலேயே கோப்பி தாக்குதலைத் தொடங்கினார். எஞ்சிய 192 கிலோமீட்டரைச் சேறு படிந்த சாலைகளில் தனியாகவே கடந்தார். பார்டாலி வந்து சேர்ந்தது 11 நிமிடம் 52 நொடி கழித்து. கொரியரே டெல்லா சேரா நாளிதழுக்காகப் பந்தயத்தைப் பின்தொடர்ந்த எழுத்தாளர் டினோ புஸ்ஸாட்டி, அன்று வீழ்ந்த பார்டாலியை ட்ராய் போரின் ஹெக்டருக்கும் கோப்பியை அக்கிலீசுக்கும் ஒப்பிட்டு எழுதினார். விளையாட்டுச் செய்தி இலக்கியமாவது அரிது, அன்று ஆயிற்று.

அதே ஜூலையில் டூர் டி பிரான்சில் முதன்முறையாகக் களமிறங்கிய கோப்பி, சான்–மாலோ நோக்கிய கட்டத்தில் விபத்துக்குள்ளாகி மிதிவண்டி உடைந்து, மொத்தத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கினார். ஊர் திரும்பவே முடிவு செய்தவரை அணி மேலாளர் ஆல்ஃப்ரெடோ பிண்டா தடுத்து நிறுத்தினார். ஆல்ப்ஸ் மலையில் கோப்பியும் பார்டாலியும் ஒன்றாகவே முன்னேறினர். ஜூலை 18 பார்டாலியின் 35ஆவது பிறந்தநாள். பிரியான்சோனில் அவரை முதலில் செல்லவிட்டார் கோப்பி. மறுநாள் பார்டாலி தடுமாறியபோது மஞ்சள் சட்டையைத் தனதாக்கிக்கொண்டார். ஒரே ஆண்டில் ஜிரோவையும் டூரையும் வென்ற முதல் வீரர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

தம்பியின் மரணம்

கோப்பியின் தம்பி செர்சேயும் பந்தய வீரர். 1949 பாரிஸ்–ரூபே பட்டத்தை ஆந்திரே மாயேயுடன் பகிர்ந்துகொண்டவர். 1951 ஜூன் 29 அன்று பியெட்மாண்ட் பந்தயத்தின்போது தூரின் நகரில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார். எழுந்து பந்தயத்தை முடித்தார்; விடுதிக்குத் திரும்பிய பின் நிலை மோசமாகி அன்றே உயிரிழந்தார். சில நாள்களில் டூரில் பங்கேற்ற கோப்பி, மோன்பெல்லியே நோக்கிய கட்டத்தில் சாலையோரம் உடைந்துபோனார். எனினும் பாரிஸ் வரை ஓட்டினார், பத்தாம் இடம்.

1952 டூர் அதற்கு விடையாக அமைந்தது. அந்தப் பந்தயத்தில் ரசிகர்கள் மறக்காத மனிதர் ஆந்திரேயா காரேயா. நாஜிக்களின் பூக்கென்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய இவர், கோப்பியின் துணை வீரர். லோசானில் முடிந்த கட்டத்தில் முன்னே சென்ற குழுவைக் கண்காணிக்கப் போனவர், தாம் எண்ணாமலேயே மஞ்சள் சட்டைக்கு உரியவராகிவிட்டார். தலைவருக்குரியதைத் தாம் எடுத்துக்கொண்டதாகக் கருதி, கண்ணீருடன் மேடையேறினார். வாழ்வின் பெருமைமிகு நாளில் ஒரு மனிதர் மன்னிப்புக் கோரும் முகத்துடன் நின்றார். பின்னால் வந்த கோப்பி சினம் கொள்ளவில்லை, சிரித்தபடி வாழ்த்தினார். மறுநாள் ஜூலை 4, ஆல்ப் துயெஸ் மலையுச்சியில் முதன்முறையாக டூரின் கட்டம் முடிவடைந்தது. அங்கு வென்று மஞ்சள் சட்டையை மீட்டார் கோப்பி. அவரது முன்னிலை வளர்ந்துகொண்டே போனதால், சுவாரசியம் குன்றாதிருக்க இரண்டாம் இடத்துக்கான பரிசுத்தொகையை அமைப்பாளர்கள் உயர்த்தினர். இறுதியில் வித்தியாசம் 28 நிமிடம் 17 நொடி.

அதே டூரில்தான் இத்தாலி இன்றும் விவாதிக்கும் புகைப்படம் எடுக்கப்பட்டது. மலைச்சாலையில் முன்னும் பின்னுமாகச் செல்லும் கோப்பியும் பார்டாலியும் ஒரு தண்ணீர்க் குப்பியைக் கைமாற்றிக்கொள்கின்றனர். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதற்கு ஒவ்வோர் அணியும் தனித்தனி விடை வைத்திருந்தது.

ஊக்கமருந்து பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆம்பெட்டமைன் பயன்படுத்தியதைக் கோப்பி தொலைக்காட்சியிலேயே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பந்தய விதிகள் அதைத் தடைசெய்யாத காலம் அது.

வெண்ணிற ஆடைப் பெண்மணி

1953இல் ஸ்டெல்வியோ கணவாயில் சுவிட்சர்லாந்தின் ஹியூகோ கோப்லெட்டை வீழ்த்தித் தமது ஐந்தாவது ஜிரோவை வென்றார். ஆகஸ்டில் லுகானோவில் உலகச் சாம்பியனானார். அன்று மேடையருகே நின்ற ஜூலியா ஒக்கினி, கோப்பியின் தீவிர ரசிகரான மருத்துவர் ஒருவரின் மனைவி. கோப்பிக்கும் மனைவியும் மகளும் இருந்தனர். இருவரும் தத்தம் குடும்பங்களை விட்டு ஒன்றாக வாழத் தொடங்கியதும், ரசிகர்களின் வாதம் சாலையிலிருந்து நீதிமன்றத்துக்கு இடம்பெயர்ந்தது. ஜூலியாவின் வெளிர்நிற மேலங்கியைக் கொண்டு செய்தியாளர்கள் அவரை வெண்ணிற ஆடைப் பெண்மணி என்று அழைத்தனர்.

இத்தாலியில் அப்போது மணவிலக்குச் சட்டம் இல்லை. பிறன்மனை உறவு குற்றம். ஜூலியா சில நாள்கள் சிறை வைக்கப்பட்டார். 1955இல் இருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மகனுக்குக் கோப்பியின் பெயரை இடும்பொருட்டு அவர்கள் அர்ஜென்டினா செல்ல வேண்டியதாயிற்று. இத்தகைய சட்டத்தை இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1968இல் நீக்கியது. நம் நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2018இல்தான் என்பதை நினைத்தால், அன்றைய இத்தாலியை மட்டும் குறைகூற இயலாது.

வெற்றிகள் குறைந்தன. 1955 ஜிரோவை 13 நொடிகளில் ஃபியோரென்சோ மாக்னியிடம் இழந்தார். 1956 லொம்பார்தியாவில் 37 வயதில் முன்னே பிரிந்து சென்றார். பின்தொடர் வாகனத்தில் இருந்த ஜூலியா தம்மை ஏளனம் செய்ததாகச் சினந்த மாக்னி, துரத்தலுக்குத் தலைமையேற்றார். ஒரு காலத்தில் கோப்பி உலகச் சாதனை படைத்த அதே விகோரெல்லி ஓடுதளத்தில், எல்லைக்கோட்டருகே ஆந்திரே தாரிகாத் அவரை முந்தினார். கோப்பி அழுதார். அவர் அப்போதே ஓய்வு பெற்றிருக்கலாம் என்று கூறுவோர் உண்டு. ஆனால் ஓட்டுவதைத் தவிர வேறு வாழ்க்கையை அவர் அறிந்திருக்கவில்லை.

தவறவிட்ட நோய்

1959 டிசம்பரில், இன்று புர்க்கினா ஃபாசோ எனப்படும் அப்பர் வோல்டாவில் நடந்த காட்சிப் பந்தயத்துக்குப் பிரெஞ்சு வீரர்களுடன் கோப்பி சென்றார். பந்தயத்துக்குப் பின் வேட்டையும் உண்டு. அங்கு ரஃபாயெல் ஜெமினியானியுடன் ஒரே அறையில் தங்கினார். கொசுக்கடி இருவருக்கும் பொது. ஊர் திரும்பிய சில நாள்களில் இருவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. பிரான்சில் ஜெமினியானியின் இரத்தப் பரிசோதனை மலேரியாவை உறுதிசெய்தது. குயினைன் அளிக்கப்பட்டு அவர் பிழைத்தார். இத்தாலியில் கோப்பியின் நோய் மலேரியா என அறியப்படவில்லை. பிரான்சிலிருந்து தகவல் தெரிவிக்கப்பட்டும் அது ஏற்கப்படவில்லை என்று கூறப்படுகிறது. கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து 62 ஆண்டுகள் கடந்திருந்தன. மருந்து மருத்துவமனைக்கு எட்டாததன்று. நோயின் பெயர்தான் எட்டவில்லை. 1960 ஜனவரி 2 காலை, டார்டோனாவில் கோப்பி உயிர்நீத்தார்.

காஸ்டெல்லானியாவின் குறுகிய மலைச்சாலையில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்து இறுதி மரியாதை செலுத்தினர். தம்பி செர்சேயின் அருகிலேயே அவர் உறங்குகிறார். பார்டாலி 2000 வரை வாழ்ந்தார். அறைத்தோழர் ஜெமினியானி 2024இல், 99ஆவது வயதில் மறைந்தார்.

1965 முதல், ஜிரோ பந்தயப் பாதையில் ஆண்டுதோறும் வரும் மிக உயர்ந்த இடத்துக்குச் சீமா கோப்பி, அதாவது கோப்பி சிகரம் என்று பெயர். பிறந்து நூறாண்டு நிறைந்த 2019இல் அவருடைய ஊரும் காஸ்டெல்லானியா கோப்பி எனப் பெயர் மாறிற்று. புதிய ஆண்டின் ஜிரோ பாதை வெளியிடப்படும்போது, இந்த முறை சீமா கோப்பி எந்தக் கணவாய் என்பதையே ரசிகர்கள் முதலில் தேடுகின்றனர்.