கைத்துப்பாக்கி வாங்கிய பத்திரிகை ஆசிரியை

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமக்களின் உரிமை. 1791-ம் ஆண்டிலேயே அது அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. ஆனால் எந்தக் குடிமக்களின் உரிமை? இந்தக் கேள்வி தன் வாசலிலேயே வந்து நிற்கக் கண்டவர் ஐடா வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி.

ஐடா 1862-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் அடிமைகள். ஆகவே பிறந்த குழந்தையும் அடிமை! உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலை கிடைத்தது. ஆனால் அதே 1865-ல் மிசிசிப்பி அரசு ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதாம். வெள்ளையருக்கு அந்தத் தடை இல்லை.

1878-ல் மஞ்சள் காய்ச்சல் வந்தது. தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி மூவரையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த குழந்தைகளை ஆளுக்கொரு வீட்டில் விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். 16 வயது ஐடா சம்மதிக்கவில்லை. பள்ளி ஆசிரியையாகி, அவர்களைத் தானே வளர்த்தார்.

பிறகு மெம்பிஸ் நகரத்துக்கு வந்தார். ஒரு நாள் ரெயிலில் பெண்கள் பெட்டியில் இருந்தவரை, கறுப்பர் என்பதால் எழுந்திருக்கச் சொன்னார்கள். கையைப் பிடித்து இழுத்த கண்டக்டரைக் கடித்துவிட்டார் ஐடா! வழக்குப் போட்டு 500 டாலர் நஷ்ட ஈடும் பெற்றார். 1887-ல் மாநில சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு பத்திரிகையின் பங்குதாரரும் ஆசிரியையும் ஆனார்.

மளிகைக்கடை

தாமஸ் மாஸ் என்பவர் ஐடாவின் அருமை நண்பர். பகலில் தபால்காரர். இரவில் தன் மளிகைக்கடையில் கணக்கு எழுதுவார். நண்பர்கள் சேர்ந்து நடத்திய கடை அது. அருகிலேயே கடை வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. தகராறு முற்றியது. கடையைத் தாக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது.

கடைக்காரர்கள் வக்கீலிடம் போனார்கள். கடை நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் போலீசின் காவல் கிடைக்காது, தாக்கினால் தற்காத்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். 1892 மார்ச் 5-ந் தேதி இரவு, சாதாரண உடையில் ஆயுதங்களோடு சிலர் பின்பக்கமாக வந்தார்கள். உள்ளிருந்தவர்கள் சுட்டார்கள். மூன்று பேருக்குக் காயம். வந்தவர்கள் சட்ட அதிகாரிகள் என்று பிறகுதான் தெரிந்தது.

மாஸ் உள்படப் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கறுப்பர்களின் ஊர்க்காவல் பட்டாளம் ஒன்று சிறைக்குக் காவல் நின்றது. காயம்பட்டவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்ற செய்தி வந்ததும், இனி ஆபத்தில்லை என்று நம்பி விலகியது. மார்ச் 9-ந் தேதி விடியுமுன் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து, மாசையும் அவருடைய கூட்டாளிகள் இருவரையும் இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. அந்த நாட்களிலேயே பட்டாளத்தின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கறுப்பர்களுக்குத் துப்பாக்கி விற்கவும் தடை! கொன்றவர்கள் எவருக்கும் தண்டனை இல்லை.

கடையில் துப்பாக்கி இல்லாதிருந்தால் மாஸ் பிழைத்திருப்பாரோ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஐடாவின் கணக்கு வேறு. அவர் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னொரு ஆயுதம்

அதோடு நிற்கவில்லை. உயிருக்குக் காவல் தராத ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டினார்கள். இருந்தவர்களும் காசைச் செலவழிக்காமல் முடிந்தார்கள். டிராம் வண்டிகள் காலியாக ஓடின. கம்பெனி அதிகாரிகளே பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, கறுப்பர்கள் ஏன் ஏறுவதில்லை என்று விசாரித்தார்கள்!

மே மாதம் ஐடா எழுதிய இன்னொரு தலையங்கம் நகரத்தைக் கொதிக்க வைத்தது. கறுப்பர்களைக் கொல்லக் கூறப்படும் காரணங்கள் பொய் என்றது அது. அவர் வெளியூரில் இருந்தபோது அச்சகம் நாசமாக்கப்பட்டது. திரும்பினால் உயிர் போகும் என்ற நிலை. நியூயார்க்கிலிருந்து எழுதத் தொடங்கினார். சட்டம் காப்பாற்றாத இடத்தில் கறுப்பர் வீட்டில் ரைபிள் இருக்க வேண்டும் என்று அவ்வாண்டு வெளியிட்ட நூலில் வாதாடினார். புளோரிடாவில் ஜாக்சன்வில் நகரில் கறுப்பர்கள் ஆயுதத்தோடு நின்றதால் ஒரு கொலை தடுக்கப்பட்டதை எடுத்துக்காட்டினார்.

1895-ல் சிகாகோ வக்கீல் பெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். 1919-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், குத்தகை விவசாயிகள் பருத்திக்கு நியாய விலை கேட்டு ஒரு மாதா கோவிலில் கூடினார்கள். வாசலில் ஆயுதக் காவல் போட்டிருந்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் வெள்ளையர் ஒருவர் இறந்தார். அதற்காகக் கறுப்பர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 12 கறுப்பர்களுக்கு மரண தண்டனை! ஐடா உறவினர்களோடு உறவினராகச் சிறைக்குள் போய், அவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்து வெளியிட்டார். 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் ஆறு பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1925-க்குள் அனைவரும் விடுதலை ஆனார்கள்.

ஐடா 1931 மார்ச் 25-ந் தேதி சிகாகோவில் காலமானார். அதே சிகாகோவில் கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை எதிர்த்து, ஓட்டிஸ் மெக்டொனால்டு என்ற கறுப்பின முதியவர் வழக்குத் தொடுத்தார். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விடுதலை பெற்ற கறுப்பர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்ட கதையும் அந்தத் தீர்ப்பில் இடம் பெற்றது.