நம்மாழ்வார் ஐயா



கோ. நம்மாழ்வார் 1938-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. அங்கே செய்யுற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவலைன்னு 1969-இல் வேலையையே விட்டுட்டார். எங்க தெருவில் அரசு வேலையை யாராவது விடுவாங்களா! அப்புறம் இயற்கை விவசாயத்தைச் சொல்லி ஊர் ஊராக நடந்தார்.

வயசான காலத்தில் டெல்டாவுக்கு மீத்தேன் திட்டம் வந்தது. நிலக்கரிப் படுகையில் உள்ள தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் அந்த வாயு மேலே வரும். ஷேல் வாயு என்றால் தண்ணீர், மணல், ரசாயனம் எல்லாம் அழுத்தமாகச் செலுத்திப் பாறையையே பிளக்கணும். இரண்டிலும் நிலத்தடி நீருக்கு ஆபத்து. நம்ம ஊருக்கு அடியில் கருங்கல்தான், அந்த வாயு கிடையாது. ஆனாலும் கிணறு வற்றினால் மஞ்சள் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

ஐயா இதைக் கிராமம் கிராமமாகச் சொன்னார். அந்தப் பயணத்திலேயே 30.12.2013 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்துட்டார். அப்ப எனக்கு 2 வயசு. 2020-இல் தமிழக அரசு சட்டம் போட்டு, டெல்டாவில் புதிதாக எண்ணெய், மீத்தேன், ஷேல் வாயு எடுக்கத் தடை செய்தது. அதைப் பார்க்க ஐயா இல்லை.