பத்து சென்ட் நிலமும் ஏ.கே.ஜி.யும்

உங்கள் பிளாட்டின் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். யுடிஎஸ் என்று சில நூறு சதுர அடி நிலம் உங்கள் பெயரில் இருக்கும். ஒருகாலத்தில் கேரளத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ஒரு காகிதம்கூடக் கிடையாது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நிலக்காரர் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். அந்த நிலை மாறப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஏ.கே.ஜி. எனப்படும் ஏ.கே. கோபாலன்.

1904-இல் கண்ணூர் அருகே பிறந்தவர். ஆசிரியர் வேலையை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1936-இல் கண்ணூரிலிருந்து சென்னை வரை பட்டினிப் பேரணியை நடத்தி வந்தார். பிறகு விவசாயிகள் சங்கமே அவர் வாழ்க்கையானது. 1952 முதல் கடைசிவரை மக்களவை உறுப்பினராகவும் இருந்தார்.

1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. ஒரே வாரத்தில், குத்தகைதாரர்களையும் குடிசைவாசிகளையும் வெளியேற்றத் தடை வந்தது. 1959-இல் நிலச் சட்டமும் சட்டசபையில் நிறைவேறியது. ஆனால் அடுத்த சில வாரங்களில் ஆட்சியே கலைக்கப்பட்டது. பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, 1970 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துக் குடிசைவாசிகள் 10 சென்ட் வரை, அதாவது சுமார் 4,356 சதுர அடி, சலுகை விலையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நகரங்களில் இது 3 அல்லது 5 சென்ட்.

இதற்குள் கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. முதல்வர் அச்சுத மேனன் ஒரு கம்யூனிஸ்ட், ஏ.கே.ஜி. இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது மேனன் அரசுதான். ஆனால் அதிகாரிகள் வந்து அளந்து தரும்வரை காத்திருக்க ஏ.கே.ஜி. தயாராக இல்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழையில் கூடிய மாநாட்டில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் ஒரு முடிவெடுத்தார்கள். புத்தாண்டு முதல் குத்தகை கொடுப்பதில்லை. குடிசைவாசிகள் தாங்களே 10 சென்டை அளந்து வேலி போடுவது. அடியும் கைதும் தொடர்ந்தன. சிலர் உயிரையும் இழந்தார்கள். வேலி போடுவது நிற்கவில்லை.

1972-இல், உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பங்கிடக் கோரி, திருவனந்தபுரத்தில் முடவன்முகள் அரண்மனை மதிலை அவரே தாண்டிக் குதித்துக் கைதானார். அப்போது அவருக்கு வயது 67. 1977 மார்ச் 22 அன்று காலமானார்.

அடுத்த முறை ஆலப்புழைக்குப் படகு சவாரி போனால், கரையோரச் சிறு வீடுகளின் வேலிகளைக் கவனியுங்கள். சட்டம் வந்த பிறகும், ஆட்களைத் திரட்டிப் போய் அளந்து போட வேண்டியிருந்த வேலிகளும் அவற்றில் இருக்கலாம்.