கதிரவனைப் பாடிய ஏழை

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உலகெங்கும் பல கிறிஸ்தவ சபைகள் படைப்பின் நலனுக்காகக் கூடி மன்றாடுகின்றன. எங்கள் ஊர் தேவாலயத்திலும் அந்த மன்றாட்டுகளை வாசிக்கும் பணி சில ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. மழைக்காக ஒன்று, மரங்களுக்காக ஒன்று, ஏழைகளுக்காக ஒன்று என அவை தனித்தனியே நிற்கும். இவற்றை ஒரே வேண்டுதலாக இணைப்பது எது என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. அக்காலம் நிறைவுறும் நாளைத் தம் திருவிழாவாகக் கொண்ட அசிசி நகர் பிரான்சிஸின் வாழ்வில் அதற்கு விடை கண்டேன்.

இத்தாலியின் அசிசி நகரில் செல்வம் மிக்க துணி வணிகரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1202-இல் பெரூஜியா நகருடன் நடந்த போரில் பிடிபட்டு, ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார். பின்னர் அவரை மாற்றியது தொழுநோயாளருடன் கொண்ட உறவு. முன்பு தாம் அருவருத்து ஒதுங்கியவர்களிடமே சென்று பணிசெய்தார். தந்தையுடன் எழுந்த வழக்கில், ஆயரின் முன்னிலையில் தம் ஆடைகளையும் களைந்து தந்தையிடமே ஒப்படைத்தார். 1209-இல் அவருடைய எளிய வாழ்வுநெறிக்குத் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் ஒப்புதல் அளித்தார்.

உடைமை இருந்தால் அதைக் காக்க ஆயுதமும் வழக்கும் வேண்டியிருக்கும் என்பது அவருடைய கருத்து. எதையும் தமதாக்கிக்கொள்ளாத அவருக்கு எல்லா உயிரும் உறவாயின. விறகு வெட்டும் சகோதரர்களிடம், மரம் மீண்டும் துளிர்க்கும்படி அடியை விட்டு வெட்டச் சொன்னார். தோட்டத்தின் ஓரங்களைக் கொத்தாமல், புல்லும் காட்டுப்பூக்களும் வளர விட்டுவைக்கச் செய்தார்.

1225-இல் சான் தமியானோவில், பகலொளியைத் தாங்க இயலாத கண்நோயுடன் இருண்ட குடிலில் கிடந்தபோதுதான் அவர் படைப்புகளின் பாடலை இயற்றினார். அதில் கதிரவனும் காற்றும் நெருப்பும் சகோதரர். நிலவும் நீரும் சகோதரியர். அது இலத்தீனில் அமையாமல் மக்கள் பேசிய உம்பிரிய மொழியில் அமைந்ததால், கல்லாதவரும் சேர்ந்து பாட முடிந்தது.

அப்போது அசிசியின் ஆயருக்கும் நகர ஆட்சியாளருக்கும் கடும் பகை மூண்டிருந்தது. ஆயர் ஆட்சியாளரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஆட்சியாளரோ, ஆயருடன் எவரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று பறைசாற்றினார். அவர்களைச் சமரசப்படுத்த ஒருவரும் முன்வராதது கண்டு வருந்திய பிரான்சிஸ், மன்னிப்போரைப் போற்றும் அடிகளைத் தம் பாடலில் சேர்த்தார். இருவரையும் ஆயர் இல்ல முற்றத்தில் கூட்டித் தம் சகோதரர்களைப் பாடச் செய்தார். பாட்டு முடிந்ததும் பகைவர் இருவரும் தழுவிக்கொண்டனர் என்று அவருடைய தோழர்களின் நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. இயற்கையைப் போற்றும் வேண்டுதலில் மனிதரின் பிணக்குக்கும் இடம் உண்டு என்பதை நான் கற்றது இந்த நிகழ்விலிருந்துதான்.

1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். 1989-இல் கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவர் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான மன்றாட்டு நாளாக்கினார். 2015-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் அதை ஏற்றது. அதே ஆண்டு வெளிவந்த சூழலியல் குறித்த திருமடலின் தலைப்பும் பிரான்சிஸின் பாடலிலிருந்தே எடுக்கப்பட்டது.

எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்ப்பங்கீட்டில் இரு தெருக்களுக்கிடையே பல்லாண்டுப் பிணக்கு உண்டு. மழை வேண்டி ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுகிறோம். பெய்த நீரைப் பகிரும்போது முகம் திருப்பிக்கொள்கிறோம். நானும் அதில் ஒரு தரப்பினன்.

2026 அக்டோபர் 3-இல் பிரான்சிஸ் மறைந்து 800 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அந்த ஆண்டின் மன்றாட்டுகளில் எங்கள் பிணக்கையும் வெளிப்படையாகச் சேர்த்து வாசிக்க எண்ணியுள்ளேன். அதற்கு முன் நான் எதிர்த்தெருவுக்கு ஒருமுறை நடந்து போய்வர வேண்டும்.